நாலாவது இறால்

அன்புள்ள அண்ணைக்கு,

முதலில் ஒரு சத்தியப்பிரமாணம். வலது கையை உயர்த்தி, இடது கையால் பேனாவைப் பிடித்தபடி (எழுத்து கோணலாகக் கிடப்பது அதனால்தான்) சொல்கிறேன்: இந்த மடலில் வரப்போகும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்பப்போவதில்லை. மொன்ட்ரியாலுக்குப் பக்கத்து லவாலில் நம்பமாட்டார்கள். மொன்ட்ரியால்-நோரில் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். என் மனுசி இப்போதே நம்பவில்லை. இத்தனைக்கும் நான் இன்னும் கதையைத் தொடங்கவேயில்லை. நீங்கள் இருந்திருந்தால் சாட்சிக்குக் கூப்பிட்டிருப்பேன். நீங்களோ உங்கள் முதலாவது ஆண்டுத் திவசத்துக்குக்கூட இன்னும் வந்து சேராதபடி புதிதாய்ப் போனவர். ஆகவே இனிமேல் நான் சொல்வதுதான் வரலாறு.

போன சனிக்கிழமை கர்க்லாண்டில் என் மருமகனின் வீடு குடிபூரல். பால் காய்ச்சி, சாப்பாடெல்லாம் முடிந்தபின் பெடியள் கீழே பேஸ்மென்டில் ஒரு போத்தலைத் திறந்தார்கள். மருமகனோடு வேலை செய்கிற சென்னைப் பெடியன் ஒருவன், நல்ல பிள்ளை, என் கையிலும் ஒரு கிளாஸைத் தந்தான்.

"அங்கிள், இது நேச்சுரல் வைன். ஃபில்டரே பண்ண மாட்டாங்க. கலங்கலாத்தான் இருக்கும், பயந்துடாதீங்க."

பயப்படுவதா! நானா! கலங்கல் வைனின் வம்ச சரித்திரத்தையே கண்ணால் பார்த்தவன் நான். ஆனாலும் ஒன்றும் தெரியாத அப்பாவிபோல முகத்தை வைத்துக்கொண்டு கிளாஸை மூக்கருகே கொண்டுபோனேன். பச்சை ஆப்பிள், மழையில் நனைந்த குதிரை, நேற்று இறக்கிய கள்ளு, எல்லாம் ஒன்றாக ஏறி வந்தன. அவற்றுக்குப் பின்னால் நீங்கள் வந்தீர்கள். நெற்றியில் திருநீறு, இடுப்பில் வெள்ளை ஏப்ரன், கையில் தாச்சிச் சட்டி.

"தம்பி, உதை மூக்குக்குக் கிட்டக் கொண்டு போகாதை. பேந்து முழுக வேண்டி வரும்."

"என்ன அங்கிள், கண்ணெல்லாம் கலங்குது? ரொம்பப் புளிக்குதா?" என்றான் பெடியன்.

"ஓம் தம்பி," என்றேன். "சரியான புளிப்பு."

மடாம் மிரேயின் வைன் பார் உங்களுக்கு நினைவிருக்கும். ஆனாலும் இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்லவேண்டும். ஜாரி மெத்ரோ நிலையத்திலிருந்து கிழக்கே கொஞ்சம் நடந்தால், முன்பு சப்பாத்துத் திருத்துகிற கடையாக இருந்த ஒரு சின்ன இடம். உள்ளே ஒருவர் தும்மினால் இருபத்தைந்து பேரும் துடைக்கவேண்டும். மடாம் தன் சேமிப்பு, தன் தகப்பனின் வீடு, தன் தூக்கம் எல்லாவற்றையும் அதில் போட்டிருந்தார். சுவருக்கு வர்ணம் பூசியதும் அவரே. பிரான்சிலிருந்து மருந்து போடாத, வடிகட்டாத வைன். அதோடு சின்னச் சின்னக் கோப்பைகளில் சின்னச் சின்னச் சாப்பாடு. ஒரு கோப்பை முடிந்தால் இன்னொரு கோப்பை, ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு கிளாஸ் வைன். அந்த வியாபாரத்தின் முழு ரகசியமும் அவ்வளவுதான்: வந்தவர் வயிறு நிறையாமல் இருக்கவேண்டும்.

நான் அங்கே நீர்வளத்துறை அமைச்சர். பொறாமைக்காரர் அதைக் கோப்பை கழுவுகிற வேலை என்பார்கள். நான் குழாயைத் திறந்தால் சென் லோரன்ஸ் ஆற்றில் கப்பல்கள் தரைதட்டும் என்று துறைமுகத்தில் பேசிக்கொண்டதாகக் கேள்வி. சமையல்காரன் ஒருநாள் கோபித்துக்கொண்டு போனபோது, மடாம் தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது, "எங்கடை ஆள் ஒருத்தர் இருக்கிறார்" என்று சொன்னதும் இந்த அமைச்சர்தான்.

நீங்கள் அப்போது கலியாணவீடு, சாமத்தியவீடு, அந்தியேட்டி என்று எங்கள் சனங்களுக்குப் பெரிய கிடாரத்தில் சமைத்துக்கொண்டிருந்தீர்கள். ஊரெல்லாம் உங்கள் கையால் சாப்பிட்டது. ஆனால் அரசாங்கத்தின் கண்ணுக்கு அது வேலையில்லை. உங்கள் மனுசியும் மகளும் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒற்றை அறையில் இருந்தார்கள். சமாதானம் என்ற சொல் தேயத் தொடங்கிய காலம். சுற்றிவளைப்பு, பதிவு, விசாரணை. யாராவது கதவைத் தட்டினால் தாயும் பிள்ளையும் மூச்சை நிறுத்திக்கொள்வார்களாம். அவர்களைக் கூப்பிடவேண்டுமென்றால் நிரந்தரமான வேலை கையில் இருக்கவேண்டும், விசா வரும்வரை அதை விட்டுவிடாதீர்கள் என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார். நீங்கள் கனடாவுக்கு வெளிக்கிட்டபோது அந்தப் பிள்ளை உங்கள் தோளில் நித்திரையாக இருந்தவள்.

அப்படித்தான், வாழ்நாளில் ஒரு சொட்டு மதுவும் தொடாத சிவப்பழம் ஒன்று வைன் பாரின் குசினிக்குள் வந்து சேர்ந்தது.

முதல் நாளே கேட்டீர்கள்: "எத்தினை பேர் வருவினம்?"

"இருபத்தைஞ்சு, அண்ணை."

"அப்ப அம்பதுக்குப் போடுவம். சொல்லாமல் வாற ஆக்கள் இருப்பினமெல்லே?"

அன்று நீங்கள் வைத்த பருப்பின் உயரத்தைப் பார்த்துவிட்டு, மொன்ட் ரோயல் மலை உச்சியிலுள்ள சிலுவை ஒரு அடி எம்பி நின்றது. மிஞ்சியதை அந்த வீதி முழுவதும் கொடுத்தோம். அஞ்சல்காரர் இரண்டு கிழமை பருப்பு மணத்தோடுதான் கடிதம் போட்டார்.

அது போகட்டும், சமாளித்துவிட்டோம். சமாளிக்க முடியாமற்போனது இறால் விஷயம்.

மடாமின் பெயர்போன தட்டு அது. சின்ன வெள்ளைக் கோப்பையில் மூன்று இறால், முக்கோணமாக, மேலே ஒரு இலை, பக்கத்தில் எண்ணெய் நாலு சொட்டு. மடாம் தானே ஒன்றைச் செய்து காட்டினார். நீங்கள் அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பிரேதத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தீர்கள்.

"மூண்டா?"

"ஓம், அண்ணை. மூண்டு."

"மூண்டு ஆருக்கடா வைக்கிறது? ஒருத்தருக்கும் வைக்கமாட்டினம். அதுவும் ஒருக்கா வைச்சுப்போட்டு விடுறதோ? திருப்பி ஒருக்காப் போடவேணும். விருந்தாளி எழும்பிப் போற வீடா இது?"

மூன்றாக வைக்கக்கூடாது, ஒரே தரத்தோடு நிறுத்தவும் கூடாது. இதை நான் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் மடாமுக்கு மொழிபெயர்த்தேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதும் சவர்க்காரம், தண்ணீர், சூடு, கவனம் என்ற நாலு சொற்களுக்குள் அடங்கும். மடாம் தலையாட்டிவிட்டு, மூன்று விரலை உயர்த்திக் காட்டிப் போனார்.

நீங்களும் தலையாட்டினீர்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு கோப்பையிலும் இலைக்குக் கீழே நாலாவது இறால் ஒன்று ஒளிந்திருந்தது.

கண்டுபிடித்த முதல் ஆள் நான். அமைச்சருக்குத் தெரியாமல் எதுவும் தொட்டிக்குள் வராது. திரும்பி வருகிற கோப்பைகளில் நாலு வால் கிடந்தது. நான் நாலாவது வாலை உடனே குப்பைக்குள் தள்ளித் தடயத்தை அழிப்பேன். அந்த மாரியில் நான் மறைத்த வால்களைக் கோர்த்தால் லவாலுக்கு ஒரு பாலம் கட்டியிருக்கலாம். ஆனால் ஒருநாள் என் கை பிந்திவிட்டது. மடாம் குசினிக்குள் வந்து, ஒரு கோப்பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, வால்களை எண்ணினார்.

அவருக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. சனங்கள் ஏன் ஒரு தட்டோடு வயிறு நிறைந்து, ஒரு கிளாஸோடு கோட்டை மாட்டிக்கொண்டு போகிறார்கள். ஏன் போத்தல்கள் விற்காமல் அடுக்கிலேயே கிடந்து நுரைக்கின்றன. கடை மூழ்கிக்கொண்டிருந்தது, அண்ணை. உங்கள் கையின் தாராளத்தால்.

அந்த மனிசி கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மெல்லிய குரலில், சவர்க்காரப் பிரெஞ்சு தெரிந்தவனுக்கும் விளங்குகிற மாதிரிச் சொன்னார்: வியாழக்கிழமை பிரான்சிலிருந்து திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் வருகிறார். அவருடைய வைனுக்காக ஒரு மாலை விருந்து. கடையின் தலைவிதி அன்றைக்குத்தான். தட்டுக்கு மூன்று. நாலைக் கண்டால் சமையல்காரர் அத்தோடு வீட்டுக்குப் போகலாம்.

நான் இதையும் மொழிபெயர்த்தேன். நீங்கள் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னீர்கள்: "பாவம், அவவுக்கு ஆரும் சொல்லிக் குடுக்கேல்லை." பிறகு ஒரு வெங்காயத்தை உரித்து முடித்துவிட்டு, "தம்பி, இந்த வேலை போனா அதுகள் ரெண்டும் அங்கைதான்," என்றீர்கள். நான் குழாயை முழுதாகத் திறந்துவிட்டேன். அமைச்சருக்குக் குழாய்ச் சத்தம் உதவியாக இருந்தது.

வியாழக்கிழமை பனி கொட்டியது. அப்படியொரு பனி, வீதியில் நிறுத்திய கார்கள் எல்லாம் இட்டலியாகிவிட்டன. ஆனாலும் கடை நிறைந்தது. தோட்டக்காரக் கிழவர் சேற்றுச் சப்பாத்தோடு வந்து நடுமேசையில் இருந்தார். மரவள்ளிக் கிழங்கைப் போன்ற விரல்கள். ஒவ்வொருவரும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, அவருடைய கலங்கல் வைனை முகர்ந்து, ஆகா என்றார்கள். கிழவர் கிளாஸை உதட்டுக்குக் கொண்டுபோவதும் இறக்குவதுமாக இருந்தார். கிளாஸ் குறையவில்லை. அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை.

இறால் தட்டுகள் போயின. மூன்று, மூன்று, மூன்று. நானே சாட்சி. ஒவ்வொரு கோப்பைக்கும் மூன்றாவதை வைத்தபின் நீங்கள் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். நான் நல்லூர்க் கந்தனுக்கும், பாதுகாப்புக்கு அந்தோனியாருக்கும் நேர்த்தி வைத்தேன்.

பிறகு குசினிக் கதவின் வட்டக் கண்ணாடியால் வெளியே பார்த்தீர்கள். அங்கேதான் பிசகியது. ஒரு இளம்பெண் இறாலை முடித்துவிட்டு, பாண் துண்டால் கோப்பையைத் துடைத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"பார், பார். அந்தப் பிள்ளை கோப்பையைத் துடைக்குது. பசிக்குதடா அதுக்கு."

"அண்ணை, அது வைன் குடிக்கிற ஸ்டைல். அங்காலை பாக்காதேங்கோ."

நீங்கள் தாச்சியைத் தூக்கினீர்கள். நான் கதவை மறித்து நின்றேன், இரண்டு கையையும் விரித்து, சவர்க்கார நுரை சொட்டச் சொட்ட.

"அண்ணை, விசர் வேலை பாக்காதேங்கோ! மனுசியையும் பிள்ளையையும் நினையுங்கோ!"

"அவையை நினைச்சுத்தானடா," என்றீர்கள். "இஞ்சை நான் மூண்டோடை நிப்பாட்டினா, அங்கை அவைக்கு ஆர் போடுவினம்?"

நான் கையை இறக்கினேன். கதவை விட்டு விலகினேன்.

பந்தியில் நடப்பதுபோல் நடந்தீர்கள். இடது கையில் தாச்சி, வலது கையில் அகப்பை. ஒவ்வொரு கோப்பையிலும் ஒன்று. "காணுமோ, போதுமோ?" என்று ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்துக் கேட்டீர்கள். கரண்டிகள் எல்லாம் அந்தரத்தில் நின்றன. மடாமின் முகம் முதலில் சிவப்பு வைன், பிறகு வெள்ளை வைன், பிறகு ரோசே. நீங்கள் பார்க்கவில்லை. பந்தியில் இருக்கிறவரைத் தவிர வேறு எவரையும் நீங்கள் பார்க்கவில்லை.

கிழவரின் மேசைக்கு வந்தீர்கள். அவர் கோப்பையைக் கையால் மூடினார். போதுமாம். நீங்கள் அகப்பையோடு அப்படியே நின்றீர்கள். யாழ்ப்பாணத்தான் பரிமாற வந்து நின்றால் சும்மாவா? அந்த நிலையில் வெளியே பனி கரைந்து, மேப்பிள் துளிர்த்து, பழுத்து, உதிர்ந்து, மறுபடியும் பனி கொட்டியது. கடைசியில் கிழவர் கையை எடுத்தார். இறால் விழுந்தது.

ஆனால் கிழவரும் இலேசுப்பட்டவர் இல்லை. தன் போத்தலைச் சரித்து ஒரு கிளாஸை நிறைத்து உங்களிடம் நீட்டினார். நான் உன் கையால் சாப்பிட்டேன், நீ என் கையால் குடி. அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

"நோ மெர்சி, முசியூ," என்றீர்கள்.

கிழவர் கிளாஸை இன்னும் கொஞ்சம் கிட்டத் தள்ளினார். விருந்தின் நாயகன் தரும் கிளாஸை எல்லார் முன்னிலையிலும் மறுப்பதா? மடாம் கண்ணை மூடிக்கொண்டார். என் கண்ணுக்கு முன்னால் வெள்ளவத்தை அறைக் கதவு தெரிந்தது.

அப்போதுதான் குசினி அலுமாரித் தட்டில் உங்கள் பழைய ஊறுகாய்ப் போத்தலைக் கண்டேன். அதற்குள் ஒவ்வொரு நாளும் வேலைக்கு முன் நீங்கள் குடிக்கிற பழஞ்சோற்றுத் தண்ணீர்; உப்பு, வெங்காயம், ஒரு பச்சைமிளகாய். அதே கலங்கல். அதே நிறம். ஒரு நல்ல வைன் கிளாஸில் ஊற்றிக்கொண்டு ஓடினேன்.

"இவருக்கு இந்தப் போத்தல்தான் பிடிக்கும்," என்று உங்கள் கையில் திணித்தேன். நீங்கள் ஒரே மடக்கில் முக்கால்வாசியைக் குடித்தீர்கள். சபை கைதட்டியது. கிழவரின் மூக்கு மட்டும் துடித்தது. வைன் மூக்கு வெங்காயத்தைக் கண்டுவிட்டது. கையை நீட்டி உங்களிடமிருந்து கிளாஸை வாங்கினார், முகர்ந்தார், மிச்சத்தைக் குடித்தார்.

நான் என் அமைச்சுப் பதவிக்கு மனதுக்குள் விடை கொடுத்தேன்.

கிழவர் என் ஏப்ரனைப் பிடித்துக் கீழே இழுத்தார். இது என்ன என்று காதுக்குள் கேட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் திரட்டி, "சோறு. நேற்று. தண்ணீர்," என்றேன். அவர் கிளாஸில் இருந்த கடைசிச் சொட்டையும் உறிஞ்சினார். பிறகு இன்னும் தாழ்ந்த குரலில், பாதி சைகையாகச் சொன்னார்: வைத்தியர் எனக்கு வைனை நிறுத்திப்போட்டார். ஊர் ஊராகப் போய்க் குடிக்கிறமாதிரி நடித்துக்கொண்டிருக்கிறேன். இது இன்னும் இருக்கா?

அந்த மாலை முழுவதும் பிரான்சின் பெயர்பெற்ற தோட்டக்காரர் உங்கள் பழஞ்சோற்றுத் தண்ணீரைக் குடித்தார். ரசித்துக் குடித்தார், எழுந்து நின்று பாடிக் குடித்தார். அவர் குடிக்கிற அழகைப் பார்த்துப் பார்த்து மற்றவர்கள் அவருடைய வைனைப் போத்தல் போத்தலாக வாங்கினார்கள். எழுந்து போகவும் ஒருவராலும் முடியவில்லை. கோட்டில் கை வைத்தால் நீங்கள் தாச்சியோடு வந்து "காணுமோ?" என்று நிற்பீர்கள், பிறகு எப்படிப் போவது? உட்கார்ந்து இன்னொரு கிளாஸ் கேட்பார்கள். மடாமின் அடுக்குகள் வெறுமையாகின.

எல்லாரும் போனபின் மடாம் குசினிக்குள் வந்தார். நீங்கள் ஏப்ரனைக் கழற்றி, நாலாக மடித்து, மேசையில் வைத்துவிட்டு நின்றீர்கள். அவர் அதை எடுத்து விரித்து உங்கள் தோளில் போட்டார்.

"நாலு," என்றார், தமிழில். குசினியில் உங்கள் வாயிலிருந்து கேட்டுக் கேட்டுப் படித்திருந்தார். பிறகு விரலை ஆட்டி, "அஞ்சு, நோ."

நீங்கள் வெங்காயச் சாக்கின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நல்ல பிள்ளை," என்றீர்கள் மடாமைப் பார்த்து. "தாய்தகப்பன் நல்லா வளர்த்திருக்கினம்."

வேலை நிலைத்தது. விசா வந்தது. பனி உருகிச் சேறாகிக் கிடந்த நாளொன்றில் டோர்வால் விமான நிலையத்துக்கு உங்களைக் கூட்டிப்போனேன்.

பிறகு கிடைத்த வருஷங்களை நினைத்தால் இப்போதும் பெருமூச்சு வருகிறது, நல்ல பெருமூச்சு. இந்த வருஷத் தொடக்கத்தில் வன்னிப் போரில் நடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தபோது நீங்கள் அடிக்கடி பக்கத்தில் இருந்த மகளின் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டீர்கள். அவள் பிரெஞ்சில் அலுத்துக்கொண்டாள். கடைசியில் மனுசியும் மகளும் பக்கத்தில் நிற்கத்தான் நீங்கள் கண்ணை மூடினீர்கள். அது எல்லாருக்கும் வாய்க்கவில்லை, அண்ணை.

விமான நிலையத்துக் கதையை நான் இங்கே எல்லாரிடமும் இப்படித்தான் சொல்லிவருகிறேன்: விமானம் இறங்குமுன் உங்களுக்கு ஒருமுறை தலைவணங்கியது, சுங்க அதிகாரிகள் வரிசையாக நின்று நாதஸ்வரம் வாசித்தார்கள், நீங்கள் நகரபிதாவைப்போல் நெஞ்சை நிமிர்த்தி நடந்து போய் இருவரையும் இரு தோளிலும் தூக்கிக்கொண்டீர்கள்.

இதை வாசித்துவிட்டு மனுசி சொல்கிறாள்: "பிளேன் கும்பிட்டதாம், கிழவன் பழஞ்சோத்துத் தண்ணி குடிச்சவனாம். உங்கடை புளுகுக்கு ஒரு அளவில்லையேப்பா?"

இல்லைத்தான். வாதாடப்போவதில்லை. கிழவரைப் பாதியாக வெட்டலாம், பருப்பை முக்காலாகக் குறைக்கலாம், விமானத்தை முழுதாகவே விட்டுவிடலாம். ஒரு சின்னத் துண்டு மட்டும் நடந்தது. அதில் நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

அந்தக் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தபோது, தள்ளுவண்டியோடு அவர்கள் இருவரும் வெளியே வந்தபோது, நீங்கள் எனக்குப் பின்னால் போய் ஒளித்துக்கொண்டீர்கள். என் ஜாக்கெட்டை இரண்டு பக்கமும் இறுகப் பிடித்துக்கொண்டு, முதுகில் நெற்றியை வைத்தபடி. "அண்ணை, வருகினம், பாருங்கோ," என்றேன். பிடி இன்னும் இறுகியது. பிள்ளை வந்து எனக்கு முன்னால் நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் இடுப்பில் தெரிந்த விரல்களைப் பார்த்தாள். சுற்றிக்கொண்டு பின்னால் போனாள்.

"அப்பா," என்றாள். "வெளியிலை வாங்கோ. நாங்கள் வந்திட்டம்."

இப்போதும் எங்காவது ஒரு கதவு தானாகத் திறந்தால் என் முதுகில் அந்தப் பிடி வந்து இறுகும். நான் நகராமல் நிற்பேன். கொஞ்சநேரத்தில், ஒவ்வொரு விரலாக, அது விடும்.